விருத்தாம்பாளின் பால்ரஸ் குண்டு

விருத்தாம்பாள் எதையும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை. அளந்து பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். பூக்காரி முழம் போடும்போது, "ஒங்க கை குட்டைங்க, என் கையில போடுங்க" என்று தன் முழங்கையை நீட்டுவாள். டெய்லர் சொன்ன அளவை அப்படியே விடமாட்டாள். டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து, சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வருவாள். அவள் கணவன் கோவிந்தசாமி, ஸ்ரீமுஷ்ணம் வழியாகச் சிதம்பரம் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். "எங்க வூட்டுல பல்லி வந்தாகூட அளந்துட்டுத்தான் வெளியில வுடுவா" என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. உண்மைதானே.

இந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது செராமிக் கம்பெனியில். பிளஸ் டூவில் சயின்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணியும் மேலே படிக்க வழியில்லாமல், விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மீட்டர் பெட்டிக்குள் மாட்டுகிற வெள்ளைக் கட்டை. சூளையில் வெந்து வந்த கட்டைகளை வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியை வைத்து அளந்து, நல்லதை ஒரு பக்கமும் கழிவை ஒரு பக்கமும் பிரிக்கிற வேலை அவளுடையது. பச்சையாக அச்சிலிருந்து வருகிற கட்டை சூளைக்குள் போனால் சுருங்கிவிடும். அதனால் அச்சையே பெரிசாகச் செய்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வேறு, கடைசியில் கைக்கு வருகிற அளவு வேறு என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் பால் காய்ச்சுகிற மாதிரி சாதாரண விஷயம்.

இருபத்தேழு வயசில் அந்த யூனிட்டில் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பில் அடிபட விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சதைக் காயம்தான். ஆனால் படத்தில் வேறொன்று இருந்தது. பாவாடை நாடா பக்கம் குத்தியிருந்த ஊக்கைக் கழற்ற மறந்துவிட்டாள். இடுப்பெலும்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று அந்த ஊக்கு விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, அதே ஊக்கை எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். படத்து ஊக்கு பெரிசாக இருந்தது. விரல் நகம் அகலத்துக்குப் பெரிசு.

இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டே போய் அந்த எக்ஸ்ரேக்காரரிடம் கேட்டாள். "ஊக்கு பெருசா வுழுந்திருக்குதுன்னா எலும்பும் பெருசாத்தான வுழுந்திருக்கும்? அப்ப டாக்டரு எப்படிங்க அளவு பாப்பாரு?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எலும்பு ஒடஞ்சிருக்குதா இல்லையான்னு பாக்கத்தாம்மா படம். ஒனக்கு ஒடையல. வூட்டுக்குப் போ" என்றார்.

அவள் வீட்டுக்குப் போனாள். ஆனால் கேள்வி போகவில்லை. அடுத்த வருஷம் சிதம்பரத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷம், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கணவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே போய் வந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். வகுப்பில் இருந்ததிலேயே வயசில் மூத்தவள் அவள்தான். அளவு, தூரம், நிழல் என்று பாடம் வந்த அன்றைக்கு முதல் வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தவளும் அவள்தான். எக்ஸ்ரே என்பது நிழல். விளக்குக்கு முன்னால் கையைக் காட்டினால் சுவரில் நிழல் பெரிசாக விழுகிறதல்லவா, அதே கதை. எலும்பு, படம் பதிகிற தட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு பெரிசாக நிழல் விழும். மெலிந்தவருக்கு ஒரு மாதிரி, பருத்தவருக்கு ஒரு மாதிரி. ஊக்கு விஷயத்தில் அவள் கேட்டது சரியான கேள்வி என்று அன்றைக்குத் தெரிந்தது.

படித்து முடித்ததும் ஜங்ஷன் ரோட்டில் கலியமூர்த்தியின் எக்ஸ்ரே சென்டரில் வேலை கிடைத்தது. கலியமூர்த்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் டாக்டராகிவிடுவான் என்று நம்பி சென்டரை ஆரம்பித்தார். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். சென்டரும் விருத்தாம்பாளும் அவரிடம் தங்கிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மெஷினில் கை நசுங்கியவர்கள், பைக்கில் விழுந்தவர்கள், நெஞ்சுச் சளிக்காரர்கள், கரும்பு லோடு ஏற்றும்போது முதுகு பிடித்தவர்கள் என்று நாளைக்கு முப்பது நாற்பது பேர். அவள் படுக்க வைத்தால் குழந்தைகூட அசையாது.

இதற்குள் காலம் மாறிவிட்டது. ஃபிலிமைக் கழுவி ஈரத்தோடு க்ளிப் போட்டுத் தொங்கவிட்ட காலம் போய், படம் கம்ப்யூட்டரில் வந்தது. பிறகு டாக்டர்களின் செல்லுக்கே போக ஆரம்பித்தது. அவர்கள் சென்டருக்கு அதிகம் படம் எழுதிக் கொடுப்பவர் எலும்பு டாக்டர் அறிவழகன். கடலூர்க்காரர். வாரத்தில் சில நாள் விருத்தாசலத்தில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு வந்து ஆபரேஷன் செய்வார். மற்ற நாளெல்லாம் காரில்தான் இருப்பார். காரில் உட்கார்ந்தபடியே செல்லில் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்து, கோடு போட்டு அளந்து, "கட்டுப் போட்டு அனுப்புங்க", "உடனே அட்மிட் பண்ணுங்க" என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கோடுதான் விருத்தாம்பாளை உறுத்தியது. அவர் படம் அளக்கிற அதே ஆப்பை அவளும் தன் செல்லில் இறக்கி வைத்திருந்தாள். இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியவர்களுக்கு, உள்ளே வைக்கிற பந்து எத்தனை மில்லிமீட்டர், தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டு எவ்வளவு தடிமன் என்று படத்தைப் பார்த்து முன்கூட்டியே கணிப்பார் டாக்டர். ஆனால் ஆப் காட்டுகிற மில்லிமீட்டர் நிழலின் மில்லிமீட்டர். எலும்பினுடையது அல்ல.

ஒரு நாள் அவரிடமே சொன்னாள். "சார், படத்துலயே அளவு தெரிஞ்ச ஒரு சாமானை வெச்சி எடுத்தா, அதை வெச்சி எலும்பு அளவைக் கண்டுபுடிச்சிடலாமே."

"பெரிய ஆஸ்பத்திரியில அதுக்குன்னே குண்டு வெச்சிருப்பாங்கம்மா. நீங்க செஞ்சி குடுத்தா எனக்கு சந்தோசம்தான்" என்றார் அவர்.

முதலில் ஐந்து ரூபாய்க் காசை வைத்துப் பார்த்தாள். காசு கொஞ்சம் சாய்ந்தால் படத்தில் முட்டை வடிவத்துக்கு விழுந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வட்டமாகவே விழக்கூடியது குண்டு ஒன்றுதான். பெண்ணாடம் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் பெரிய மெஷின் பேரிங் ஒன்று உடைந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு பால்ரஸ் குண்டை எடுத்து வந்தாள். பழைய யூனிட்டுக்குப் போய் வெர்னியரைக் கேட்டு வாங்கி, குண்டை உருட்டி உருட்டி ஏழு இடத்தில் அளந்தாள். ஏழு இடத்திலும் இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர். சரியாக ஓர் அங்குலம். செல்லில் குண்டின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'இது இருபத்தைந்து புள்ளி நான்கு' என்று ஆப்புக்குச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அதே படத்தில் எலும்பின் மேல் போடுகிற கோடெல்லாம் உண்மை அளவைச் சொல்லும்.

முதல் படத்தை நம்பிக்கையோடுதான் எடுத்தாள். நோயாளி நல்ல பருத்த மனிதர். குண்டை அவர் தொடைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்து எடுத்து அனுப்பினாள். டாக்டர் அளந்ததில் ஐம்பத்திரண்டு என்று வந்தது. ஆபரேஷனில் எலும்பின் தலையை எடுத்து அளந்தபோது நாற்பத்தெட்டு.

டாக்டர் போனில் சிரித்தார். "என்னம்மா, ஒங்க குண்டு நாலு மில்லிமீட்டர் பொய் சொல்லுது?"

நல்லவேளை, டாக்டரிடம் அந்த சைஸும் இருந்தது. அந்த மனிதருக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் விருத்தாம்பாளுக்கு மானமே போன மாதிரி இருந்தது. கலியமூர்த்தி வேறு, "நமக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி? படம் பளிச்சுன்னு வந்தா போதாதா?" என்றார்.

"குண்டு பொய் சொல்லாது சார். நான்தான் எங்கயோ தப்பு வுட்டிருக்கறேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்டர் காலி. அதே கடையிலிருந்து அதே சைஸில் இன்னும் இரண்டு குண்டு வாங்கி வந்திருந்தாள். ஒன்றை மேசைமேல் வைத்தாள். ஒன்றைத் தெர்மாகோல் துண்டுகளை அடுக்கிப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தாள். இன்னொன்றை அதற்கும் பத்து சென்டிமீட்டர் மேலே வைத்தாள். ஆள் யாரும் இல்லாமல், மூன்று குண்டுக்கும் சேர்த்து ஒரே படம். திரையில் அளந்தாள். மேசைக் குண்டு ஏறக்குறைய இருபத்தேழு. நடுக்குண்டு முப்பது. உயரத்தில் இருந்தது முப்பத்துநான்கு. மூன்றும் ஒரே அளவு குண்டு, மூன்று அளவு நிழல்.

அவளுக்கு விஷயம் பிடிபட்டது. மேசையில் வைத்த குண்டு தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மனிதரின் எலும்போ அதற்கு நாலு விரற்கடைக்கும் மேலே இருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? குண்டு எலும்பின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்குக் கீழே, கை வைத்து அழுத்தினால் ஒரு எலும்பு முட்டும். அந்த மட்டத்துக்குத் தெர்மாகோலை வெட்டிக் குண்டை உயர்த்தி வைத்தால் சரி.

அன்றைக்கே டாக்டருக்குச் செய்தி அனுப்பினாள். 'சார், தப்பு என்னுது. குண்டோட உயரம். இனிமே சரியா வரும்.' அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாசம் அவர் குண்டைக் கேட்கவில்லை. அவள் மட்டும் விடாமல் தெர்மாகோல் துண்டை உயரம் வாரியாக வெட்டி, மேலே நம்பர் போட்டு, அலமாரியில் அடுக்கி வைத்தாள்.

அப்போதுதான் வீரம்மாள் வந்தார்.

பெண்ணாடத்துக்குப் பக்கத்துக் கிராமம். அறுபது வயசு. கரும்பு வெட்டுக்குப் போகிறவர். வரப்பில் கால் இடறி விழுந்து இடது தொடை எலும்பு, இடுப்பு மூட்டை ஒட்டிய அதன் கழுத்துப் பகுதியில் ஒடிந்துவிட்டது. மகன் நந்தகுமார் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். உள்ளூரிலேயே எங்கோ படம் எடுத்து, அதை டாக்டர் அறிவழகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகி, வியாழக்கிழமை காலை நர்ஸிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சுப் படம் ஒன்று வேண்டும் என்று சீட்டு எழுதி ஸ்ட்ரெச்சரில் சென்டருக்கு அனுப்பினார்கள்.

விருத்தாம்பாள் நெஞ்சுப் படத்தை எடுத்தாள். எடுக்கும்போதே அந்த அம்மாவின் உடம்பைப் பார்த்தாள். மணிக்கட்டு அவள் இரண்டு விரலுக்குள் அடங்கியது. உயரம் நாலரை அடி இருந்தால் அதிகம்.

"ஏம்பா, இடுப்புப் படம் எங்க?" என்று நந்தகுமாரிடம் கேட்டாள்.

"அது வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேங்கக்கா. செல்லுல இருக்குது, பாருங்க."

பார்த்தாள். ட்யூப்லைட்டுக்கு எதிரே ஃபிலிமைச் சாய்த்துப் பிடித்து எடுத்த ஃபோட்டோ. ஓரத்தில் ஒரு கட்டைவிரல். ஃபிலிமில் அச்சடிக்கும்போதே படம் சுருங்கியிருக்கும். எவ்வளவு சுருங்கியது என்று யாருக்கும் தெரியாது. சாய்த்துப் பிடித்ததில் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எலும்பு ஒடிந்திருக்கிறது என்று சொல்ல அந்தப் படம் தாராளமாகப் போதும். அளவு சொல்ல ஆகாது.

"டாக்டரு இதுலதான் அளந்தாரா?"

"ஆமாங்கக்கா. நாப்பத்தஞ்சு சைஸு, எல்லாம் கையிருப்புலயே இருக்குது, பயப்படாதன்னு சொன்னாரு."

விருத்தாம்பாள் வெளியே வந்து கலியமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. "நமக்கு எழுதிக் குடுத்தது நெஞ்சுப் படம். குடுத்துட்டு அனுப்பும்மா. டாக்டர்கிட்ட போயி அளவு தப்புன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?"

"அளவு தப்புன்னு சொல்லப் போறதில்ல சார். எதை வெச்சி அளந்தீங்கன்னு கேக்கப் போறேன். படத்தைப் படிக்கறது அவரு வேலை. படத்துல அளவுகோல் இருக்குதா இல்லையான்னு பாக்கறது என் வேலை."

கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

டாக்டர் காரில் இருந்தார். ஹாரன் சத்தம் கேட்டது. "சொல்லுங்கம்மா. நெஞ்சு க்ளியரா?"

"படம் அனுப்பிட்டேன் சார். நீங்க பாத்துக்கங்க. நான் கேக்கறது இடுப்பைப் பத்தி. அந்த அம்மாவுக்கு நாப்பத்தஞ்சுன்னு எதை வெச்சி அளந்தீங்க?"



"ஃபிலிம் அகலத்தை வெச்சி ஒரு கணக்குப் போட்டேன். தோராயந்தான். ஏன்?"

"ரொம்பச் சின்ன உடம்பு சார். நேர்ல பாத்தீங்கன்னா ஒங்களுக்கே தெரியும். ஃபோட்டோவும் சாய்ஞ்சி இருக்குது. நீங்க சரின்னு சொன்னா குண்டு வெச்சி ஒரு இடுப்புப் படம் எடுத்துடறேன்."

"ஒங்க குண்டுதான் போன தடவை நாலு மில்லிமீட்டர்…"

"போன தடவை மேசையில வெச்சேன் சார். அது என் தப்பு. இப்ப எலும்பு மட்டத்துல வெப்பேன். ஒடியாத பக்கத்துல வெச்சி எடுக்கறேன், ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான, அந்த அம்மா காலை அசைக்கவே வேணாம்."

அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. கடைக்காரர் படிக்கல்லைத் தராசில் வைப்பதுபோல வார்த்தையை வைத்தாள். மறுபக்கம் டாக்டர், "வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது.

"சரி, எடுங்க. எடுத்து ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்க. நானும் அளக்கறேன், நீங்களும் அளங்க. ஆனா ஒங்க நம்பரை எனக்கு முன்னாடியே சொல்லாதீங்க" என்றார்.

விருத்தாம்பாளுக்கு அது பிடித்திருந்தது. உள்ளே போனாள்.

வீரம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு படமா ஆயா?" என்றார். அந்தப் பக்கத்தில் வயசில் சின்னவளையும் பாசமாக ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இது கடைசி. நீங்க அசைய வேணாம், நானே எல்லாம் பாத்துக்கறேன். வலது பக்கம் கை வெக்கறேன், கூச்சப்படாதீங்க."

நந்தகுமாரை வெளியே அனுப்பிவிட்டு, வலது தொடையின் பக்கவாட்டில் விரலால் தடவி அந்த எலும்பைக் கண்டுபிடித்தாள். மெலிந்த உடம்பாதலால் எலும்பு உடனே தட்டுப்பட்டது. மேசையிலிருந்து அதன் உயரத்தை ஸ்கேலால் பார்த்து, அதற்குரிய தெர்மாகோல் துண்டை எடுத்து, மேலே குண்டை டேப் போட்டு ஒட்டினாள். இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் விழும்படி சரிசெய்தாள்.

"அது என்னா ஆயா, கோலி குண்டா?" என்றார் வீரம்மாள்.

"ஆமாங்க. ஒங்களுக்கும் எனக்கும் வெளையாட்டு" என்றாள் விருத்தாம்பாள். அந்த வலியிலும் வீரம்மாளின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்த நொடியில் படம் எடுத்துவிட்டாள்.

குண்டு நிலாக் கணக்காக வட்டமாக விழுந்திருந்தது. ஃபைலை அனுப்பிவிட்டுத் தன் செல்லில் அதே படத்தைத் திறந்தாள். குண்டின் குறுக்கே கோடு. இருபத்தைந்து புள்ளி நான்கு. பிறகு வலது தொடை எலும்பின் தலைக்குக் குறுக்கே கோடு. முப்பத்தொன்பது. எலும்புக்குள்ளே இருக்கிற குழாயின் அகலத்துக்கு ஒரு கோடு. எட்டரை. ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதேதான். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு நம்பரையும் எழுதி, மடித்து, கலியமூர்த்தியின் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"அவரு சொன்னதுக்கு அப்பறம் பிரிங்க."

ஏழெட்டு நிமிஷத்தில் போன் வந்தது. டாக்டரின் குரல் மாறியிருந்தது; அவசரம் போயிருந்தது. "எனக்கு முப்பத்தொம்போதரை வருது. குழாய் எட்டரை. ஒங்களுக்கு?"

கலியமூர்த்தி காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். "முப்பத்தொன்பது. எட்டரை."

"என் பெட்டியில இருக்கற சின்னத் தண்டு கூட இதுக்குள்ள போவாது" என்றார் டாக்டர். "அடிச்சி எறக்கியிருந்தா எலும்பு பொளந்திருக்கும். இல்லைன்னா பாதி ஆபரேஷன்ல முழிச்சிக்கிட்டு நின்னிருப்பேன். சென்னையில சொல்லி சின்ன சைஸ் வரவழைக்கறேன். ஆபரேஷன் சனிக்கிழமை. அந்தப் பையன்கிட்ட போனைக் குடுங்க, நானே சொல்றேன்."

நந்தகுமார் போனை வாங்கிப் பேசிவிட்டு வந்தான். முகத்தில் கலக்கம். ஒரு நாள் தள்ளிப் போகிறது என்றால் என்னவோ ஏதோ என்று அவனுக்கு. "எதுனா பிரச்சனையாங்கக்கா?"

"பிரச்சனை இல்லப்பா. ஒங்க அம்மாவுக்கு அளவான சட்டை தெச்சி வருது. பெரிய சட்டையைப் போட்டு அனுப்ப வேணாம்னு பாக்கறாங்க" என்றாள். அவனுக்கு அது விளங்கியது. தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து ரயிலில் ஒரு ஆள் பெட்டியோடு ஜங்ஷனில் இறங்கி நர்ஸிங் ஹோமுக்குப் போனதைக் கலியமூர்த்தியே பார்த்துவிட்டு வந்து சொன்னார். விருத்தாம்பாள் வழக்கம்போல வேலை செய்தாள். ஆனால் போன தடவையும் நம்பிக்கையோடுதானே அனுப்பினாள்? மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். குண்டின் அளவு சரி. உயரம் சரி. கோடு இரண்டு தடவை போட்டது சரி. வேறு எதில் தப்பு வரும்? யோசித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வந்தபின், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது டாக்டர் கூப்பிட்டார்.

"எலும்போட தலையை வெளிய எடுத்து அளந்தேன். முப்பத்தொம்போது. தண்டும் கச்சிதமா ஒக்காந்துடுச்சி. அந்த அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க. முழிச்சதும் மொதல்ல கேட்டது டீ."

"சந்தோசம் சார்."

"இன்னொன்னு கேக்கணும். இதே மாதிரி ஒரு குண்டு எனக்குக் கெடைக்குமா? கடலூர்ல நான் போற எடத்துக்கும் வேணும். எப்படி வெக்கணும்னு அங்க இருக்கறவருக்கு நீங்களே சொல்லிக் குடுங்க."

"குண்டு மட்டும் குடுத்தா பத்தாது சார். தெர்மாகோல் செட்டும் சேத்துத் தரேன். அவரை ஒரு நாள் இங்க வரச் சொல்லுங்க, மூணு குண்டு வெச்சி நான் எடுத்த படத்தைக் காட்டறேன். அதைப் பாத்தா ஒரு வார்த்தை சொல்ல வேணாம், அவரே புரிஞ்சிக்குவாரு."

டாக்டர் சிரித்தார். "சரிங்க மேடம்" என்றார். அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டவர் 'மேடம்' என்றதைக் கலியமூர்த்தி கவனித்தார். விருத்தாம்பாள் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் டாக்டர் எழுதுகிற இடுப்புச் சீட்டில் எல்லாம் 'குண்டுடன்' என்று ஒரு வார்த்தை சேர்ந்தது. கடலூர் எக்ஸ்ரேக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பெண்ணாடத்தில் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணும் ஒரு நாள் பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு இரும்புக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினாள் விருத்தாம்பாள். வெர்னியரால் ஏழு இடத்தில் அளக்காமல் எந்தக் குண்டையும் நம்பாதே என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து வீரம்மாள் மறுபடம் எடுக்க வந்தார். இந்த முறை ஸ்ட்ரெச்சர் இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தானே படியேறினார்.

படம் எடுத்து முடிந்ததும், "என் எலும்பை எனக்குக் காட்ட மாட்டியா ஆயா? எல்லாரும் செல்லுல பாத்துப் பாத்து வெக்கறீங்க" என்றார்.

விருத்தாம்பாள் செல்லைத் திறந்து காட்டினாள். உள்ளே இறங்கியிருந்த தண்டு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. வீரம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதா உள்ள கெடக்குது?"

"இதாங்க. நல்லா ஒக்காந்திருக்கற மாதிரிதான் எனக்குத் தெரியுது. டாக்டரு பாத்துட்டு சொல்லுவாரு."

"கரும்பு வெட்டுக்குப் போவலாமா?"

"அதை அவருகிட்டதான் கேக்கணும். கீழ குந்தக் கூடாதுன்னு சொல்லுவாரு."

"வெட்டும்போது யாரு குந்தறா? குனிஞ்சிதான வெட்டுவோம்" என்றார் வீரம்மாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, டாக்டர்கிட்ட குனியறதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீயும் சொல்லாத" என்றார்.

"நான் கண்டிப்பா சொல்லுவேன்" என்றாள் விருத்தாம்பாள்.

வீரம்மாள் அவளை ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வாக்கரைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வெளியே பெஞ்சில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விருத்தாம்பாள் அவர் சீட்டை வாங்கிப் பார்த்து, "கையில இருக்கற வாட்சைக் கழட்டுங்க, உள்ள வாங்க" என்றாள்.